1947 ஷெவால் பிளான்: கோளாறுகள் நிறைந்த ஒயின் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

லிபூர்ன்வாசி

வணக்கம் நண்பர்களே. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த சிவப்பு ஒயின் எது என்ற பேச்சு பக்கத்து இழையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப வரும் பெயர் 1947 ஷெவால் பிளான். அதற்குத் தனி இழையே வேண்டும் என்று தோன்றியதால் இதைத் தொடங்குகிறேன்.

நான் இருப்பது பிரான்ஸின் போர்தோ பகுதியில், லிபூர்ன் நகரத்தில். அந்த ஒயினைத் தரும் ஷெவால் பிளான் திராட்சைத் தோட்டம் இங்கிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தான். சான் எமிலியோன் ஒயின் வட்டாரத்தின் எல்லைக்குள் இருந்தாலும் அடுத்த வட்டாரமான பொமெரோலின் விளிம்பை ஒட்டிக் கிடக்கிறது. ஒரு சின்னச் சாலையைத் தாண்டினால் லா கோன்சேயான்ட், லெவான்ஜீல் என்ற பொமெரோல் தோட்டங்கள் வந்துவிடும். புகழ்பெற்ற பெத்ரூஸ் தோட்டமும் தூரமில்லை. ஏறக்குறைய 39 ஹெக்டேர் நிலம், அளவான ஒரு வெள்ளை வீடு, அதன் பக்கத்தில் கிறிஸ்தியான் த போர்சாம்பார்க் வடிவமைத்து 2011-ல் திறந்த வளைவு வளைவான கான்கிரீட் கட்டடம். பெரிய கோட்டையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

இந்த நிலம் ஒரு காலத்தில் ஃபிஜாக் என்ற பெரும் பண்ணையின் பகுதி. 1832-ல் அதிலிருந்து ஒரு பங்கை துக்காஸ் குடும்பம் வாங்கியது. 1852-ல் அந்த வீட்டுப் பெண் ஹென்ரியெத், ழான் லொசாக்-ஃபூர்கோவை மணந்தபோது தோட்டமும் சீதனமாகப் போனது. அந்த மருமகன்தான் என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன். நீர் தேங்கிய இடங்களில் வடிகால் வெட்டினார். கபர்னே ஃப்ரான் என்ற திராட்சை ரகத்தை ஏறக்குறைய பாதி நிலத்தில் நட்டார். அதுவரை ஃபிஜாக் பெயரில் விற்ற ஒயின் ஷெவால் பிளான் என்ற சொந்தப் பெயரில் வந்ததும் அவர் காலத்தில்தான். 1862-ல் லண்டனிலும் 1878-ல் பாரிஸிலும் கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களை இன்றைய லேபிளிலும் பார்க்கலாம். அந்தக் குடும்பம் 1998 வரை தோட்டத்தை வைத்திருந்தது. பிறகு பிரெஞ்சுத் தொழிலதிபர் பெர்னார் ஆர்னோவும் பெல்ஜியத் தொழிலதிபர் அல்பேர் ஃப்ரேரும் சேர்ந்து வாங்கினார்கள்.

சரி, 1947-க்கு வருவோம். அந்தக் கோடை கொடும் வெயில். பழங்கள் சர்க்கரை ஏறிப்போய், அறுவடை நாட்களிலும் வெப்பம் தணியாமல், சூடாகவே தொட்டிக்கு வந்தன. முடிவில் கிடைத்த ஒயினில் ஆல்கஹால் 14.4 சதவீதம். லிட்டருக்கு 3 கிராம் அளவில் சர்க்கரை நொதிக்காமல் தங்கிவிட்டது. ஆவியாகும் அமிலம், அதாவது வினிகர் வாசனை தரும் அமிலம், மிக அதிகம். இப்படி ஒன்றை இன்றைக்குத் தரச் சோதனைக்கு அனுப்பினால் கவலையோடுதான் பதில் வரும். ஆனால் அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுத்தார். 2010 நவம்பரில் ஜெனீவாவில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஆறு லிட்டர் பெரும் பாட்டில் ஒன்று 3,04,375 டாலருக்குப் போனது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1947-ன் வெயில் அந்த ஒயினை உருவாக்கியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வெயில் அதைக் கெடுக்கத்தான் பார்த்தது. காப்பாற்றியது அந்த மண்ணும் கபர்னே ஃப்ரானும். உங்கள் கருத்து என்ன?

---

நொதி

நல்ல இழை. நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் தொட்டிக்குள் நடந்ததை மட்டும் முதலில் சொல்கிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது வெப்பமும் வெளிவரும். பழம் ஏற்கெனவே சூடு, வெளியே வெயில், உள்ளே நொதிப்பின் வெப்பம். 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் திணறும், கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே நொதிப்பு நின்றுவிடும். பெரிய ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. சாதாரணமாக லாக்டிக் பாக்டீரியா கடைசியில் வந்து, ஒயினில் உள்ள மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அது நல்லதுதான். ஆனால் சர்க்கரை மிச்சமிருக்கும் தொட்டியில் அதே பாக்டீரியா சர்க்கரையிலும் கை வைக்கும். அப்போது அசிட்டிக் அமிலம் உண்டாகும். வினிகரில் இருப்பதும் அதேதான்.

அந்தக் காலத்தில் தொட்டியைக் குளிர்விக்கச் சரியான வழி இல்லை. சில தோட்டங்களில் பனிக்கட்டிப் பாளங்களை வாங்கிப் போட்டார்கள். மாலிக் அமிலம் மாறும் இந்த இரண்டாம் நொதிப்பு ஏன், எப்போது நடக்கிறது என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ழான் ரிபெரோ-கயோனும் எமில் பேனோவும் செய்த வேலை தோட்டங்களுக்குள் பரவி, அதைக் கட்டுப்படுத்தும் பழக்கம் வந்தது பிற்பாடுதான்.

இன்று ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினில் ஆவியாகும் அமிலத்துக்கு உச்ச வரம்பு, அசிட்டிக் அமிலக் கணக்கில், லிட்டருக்கு 1.2 கிராம். அதற்கு வெகு கீழேயே தேர்ந்த மூக்குக்குப் பிடிபட்டுவிடும்.

லிபூர்ன்வாசி அண்ணா, உங்கள் கருத்தை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு, அதே வெயிலில், போர்தோவின் வலது கரையிலும் (சான் எமிலியோன், பொமெரோல் பக்கம்) இடது கரையிலும் (மெதோக் பக்கம்) பல தோட்டங்களில் இதே கோளாறு நடந்தது. பல ஒயின்கள் காடியாகிப் போயின. ஒரு தொட்டியில் பாக்டீரியா எந்த நாளில் நின்றது என்பதைப் பெரும்பாலும் தற்செயல்தான் தீர்மானித்திருக்கும். பிழைத்துக்கொண்ட ஒன்றைக் காட்டி மண்ணின் பெருமை என்றால், அதே மாதிரி மண்ணில் பிழைக்காமல் போனவற்றை என்ன செய்வது?

---

பந்திமேசை

பாரிஸில் உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலை எனக்கு. 1947-ஐ நான் ருசித்ததில்லை. அதனால் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். 1964 ஷெவால் பிளான் ஒருமுறை என் கையால் திறந்து, வாடிக்கையாளர் அன்போடு ஒரு வாய் கொடுத்துக் குடித்திருக்கிறேன். இந்த விவாதத்துக்கு அது உதவும் என்று நினைக்கிறேன்.

1964-ல் அக்டோபர் மாத மழை போர்தோவை நனைத்துத் தள்ளியது. இடது கரையில் கபர்னே சொவினியோன் திராட்சை இன்னும் கொடியில் இருந்தது, பலர் மாட்டிக்கொண்டார்கள். வலது கரையில் மெர்லோவும் கபர்னே ஃப்ரானும் சீக்கிரம் பழுப்பதால் பெரும்பாலும் மழைக்கு முன்பே பறித்து முடித்துவிட்டார்கள். ஆக, அது எந்தக் கோளாறும் இல்லாத ஷெவால் பிளான்.

நிறம் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி வெளுத்திருந்தது. மணத்தில் முதலில் வந்தது காய்ந்த ரோஜா. அப்புறம் புகையிலை இலை, தேவதாரு மரம், மழை பெய்த தோப்பின் காளான். வாயில் வைத்ததும் எதிர்பார்த்த முதுமை இல்லை. பழத்தின் இனிமை இன்னும் நடுவில் இருந்தது. துவர்ப்பு கரைந்து பட்டுப்போல ஆகிவிட்டது, ஆனால் காணாமல் போகவில்லை. முக்கியமாக ஒரு குளிர்ச்சி. புளிப்பு என்று சொல்ல முடியாத, நாக்கை எழுப்பி வைக்கும் ஒரு புத்துணர்ச்சி கடைசி வரை இருந்தது.

1947-ஐக் குடித்தவர்கள் எழுதுவது வேறு விதம்: போர்ட் ஒயின் போன்ற அடர்த்தி, சாக்லேட், காபி, உலர்ந்த அத்திப்பழம், தோல். ஆனால் அவர்களில் பலரும் "கனமாக இருந்தும் கனமாகத் தெரியவில்லை" என்ற பொருளில் ஏதாவது சொல்லி முடிக்கிறார்கள். நான் 1964-ல் உணர்ந்த அந்தக் குளிர்ச்சியும் இதுவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நம்புகிறேன். கபர்னே ஃப்ரான் தரும் மணமும் எழுச்சியும் மெர்லோவில் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் லிபூர்ன்வாசி பக்கம் என் வாக்கு.

---

பழைய தக்கை

மன்னிக்க வேண்டும், நான் இன்னொரு கேள்வி கேட்கிறேன். இன்று 1947 என்று குடித்து எழுதப்படும் குறிப்புகளில் எத்தனை உண்மையான 1947?

பழைய ஒயின் சேகரிப்பில் எனக்கு நீண்ட காலமாக ஈடுபாடு உண்டு. இந்த ஒயின் போலி செய்பவர்களுக்குத் தோதானது. அப்போதெல்லாம் தோட்டங்கள் ஒயினைப் பீப்பாயிலேயே வணிகர்களுக்கு விற்கும் வழக்கம் பரவலாக இருந்தது. வாங்கியவர்கள் தங்கள் கிடங்கில் பாட்டிலில் அடைப்பார்கள். பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் துறைமுகத்தில் இருந்த வான்டர்மூலன் என்ற வணிகக் குடும்பம் 1947 ஷெவால் பிளானை அப்படி அடைத்திருக்கிறது. அந்த பாட்டில்களும் அசலே, மிகுந்த மதிப்புள்ளவையும்கூட. ஆனால் லேபிள் வேறு, தக்கை வேறு, கண்ணாடி வேறு. அசலிலேயே இத்தனை வகை இருந்தால், சந்தேகத்தை எழுப்பும் எந்த வித்தியாசத்துக்கும் விற்பவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

போலிப் பழைய ஒயின்களை விற்ற ரூடி குர்னியவான் வழக்கு நினைவிருக்கும். 2012 மார்ச்சில் கலிபோர்னியாவில் கைது. அவர் வீட்டில் புகழ்பெற்ற பழைய ஒயின்களின் லேபிள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 2013 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, 2014 ஆகஸ்டில் பத்தாண்டுச் சிறை. அவரை மாட்டிவிட்ட தவறுகளில் ஒன்று பர்கண்டி ஒயினில் நடந்தது. பொன்சோ என்ற தோட்டத்தின் க்ளோ சான் தெனி ஒயினை 1945 முதலான ஆண்டுகளின் பெயரில் 2008-ல் ஏலத்துக்கு அனுப்பினார். அந்தத் தோட்டம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982-ல்தான். தோட்டத்துக்காரரே நியூயார்க் ஏல அரங்குக்கு நேரில் போய் நின்றார்.

பரிசோதனைகளும் இருக்கின்றன. ஃபிலிப் யூபேர் என்ற இயற்பியலாளர் போர்தோவில் உருவாக்கிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1947-க்குப் பிறகு பெருகிய திறந்தவெளி அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த சீசியம்-137 திராட்சையிலும் ஏறியது. பாட்டிலைத் திறக்காமலே அதன் காமாக் கதிரை அளந்துவிடலாம். 1947 என்று எழுதிய பாட்டிலுக்குள் சீசியம் தெளிவாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது பிந்தைய ஒயின். ஆனால் இது ஒருவழிப் பாதை. சீசியம் இல்லாவிட்டால் ஒயின் பழையது என்று தெரியும். அது ஷெவால் பிளான்தான் என்று தெரியாது. வேறு ஏதோ ஒரு நல்ல பழைய ஒயினை ஊற்றி அடைத்திருக்கலாம்.

ஆகவே நொதியும் லிபூர்ன்வாசியும் மோதிக்கொள்வதற்கு முன்னால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாட்டில் தோட்டத்திலிருந்து யார் கைக்குப் போய், எங்கே இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் ருசிக் குறிப்புக்கு மதிப்பு.

---

லிபூர்ன்வாசி

பழைய தக்கை சொன்னது சரி. அதனால்தான் நான் ருசிக் குறிப்புகளை விட்டுவிட்டு மண்ணிலிருந்து தொடங்குகிறேன். மண் இன்றும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

நொதி எழுதியது: "அதே மாதிரி மண்ணில் பிழைக்காமல் போனவற்றை என்ன செய்வது?"

அதே மாதிரி மண் அதிகம் இல்லை என்பதுதான் என் பதில். சான் எமிலியோன் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மேடும் அதன் சரிவும். ஓசோன் தோட்டம் அந்த வகை. மேற்குக் கோடியில் மட்டும் சரளை மேடுகள் வருகின்றன. அவற்றைப் பெரும்பாலும் ஷெவால் பிளானும் ஃபிஜாக்கும் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றன. ஷெவால் பிளானில் சரளையோடு களிமண்ணும் ஏறக்குறைய சம அளவில் இருக்கிறது. மணல் கொஞ்சம். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நடந்தால் காலடியில் மண் மாறுவது தெரியும்.

போர்தோவின் கொடியியல் பேராசிரியர் கோர்னெலிஸ் வான் லேவன் இந்தத் தோட்டத்துக் கொடிகளின் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் ஆய்வுகளின் மையமே தண்ணீர்தான். கொடிக்கு எப்போது, எவ்வளவு தாகம் எடுக்கிறது என்பதுதான் பழத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தாகமே எடுக்காவிட்டால் கொடி இலையும் தளிருமாக வளர்ந்துகொண்டே போகும், பழம் நீர்த்துப்போகும். தாகம் எல்லை மீறினால் இலை சுருண்டு பழுப்பதே நின்றுவிடும். சரளை தண்ணீரைச் சீக்கிரம் இறக்கிவிடும். களிமண் ஆழத்தில் பிடித்து வைத்து மெல்ல மெல்லத் தரும். 1947 மாதிரி ஒரு கோடையில் இரண்டும் ஒரே தோட்டத்தில் இருப்பது எத்தனை பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கபர்னே ஃப்ரான். மெர்லோவை விடப் பின்னால் பழுக்கும், வெயிலில் அவ்வளவு சீக்கிரம் ஜாம் ஆகாது. பந்திமேசை அக்கா சொன்ன குளிர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. ஒயினுக்கு அந்த உடம்பு இல்லையென்றால் அவ்வளவு அசிட்டிக் அமிலத்தை அது தாங்கியிருக்காது. தொட்டிக்குள் நடந்தது தற்செயல் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தற்செயலைத் தாங்கும் பழம் தற்செயலாக வரவில்லை.

---

சரளை

நான் சிங்கப்பூரிலிருந்து வாசிக்கிறேன், இதுவரை எழுதியதில்லை. ஒரு சந்தேகம். இவ்வளவு பெருமை உள்ள தோட்டம் சான் எமிலியோன் தரவரிசையிலிருந்து ஏன் விலகியது? தரம் இறங்கிவிட்டதா?

---

லிபூர்ன்வாசி

இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். புகழ்பெற்ற 1855 தரவரிசையில் சிவப்பு ஒயின்களுக்கு மெதோக் பகுதியையும் ஓ-பிரியோனையும் மட்டும்தான் எடுத்தார்கள். வலது கரை அதில் இல்லவே இல்லை. சான் எமிலியோனுக்கென்று தனிப் பட்டியல் 1955-ல் வந்தது. அதில் உச்சியில் இருந்தவை இரண்டே, ஓசோனும் ஷெவால் பிளானும். 1855 பட்டியல் போல இது நிலையானது அல்ல, சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. 2012-ல் ஆன்ஜெலூஸும் பாவியும் அந்த உச்சிக்கு ஏறின. 2021-ல் ஓசோனும் ஷெவால் பிளானும் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தன. மண்ணையும் ஒயினையும் தாண்டி, விளம்பரம், சமூக ஊடகத்தில் இருப்பு போன்றவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுக்கப்படுகிறது என்பது அவர்கள் மனக்குறை. சில மாதங்களில் ஆன்ஜெலூஸும் விலகியது. 2022 பட்டியலில் உச்சியில் நிற்பவை பாவியும், நான் மேலே சொன்ன தாய்ப் பண்ணை ஃபிஜாக்கும்.

அவர்கள் விலகியது சரி என்பதுதான் என் எண்ணம். இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்த்துத் தோட்டத்துக்கு மதிப்பெண் போடுவதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

புதியவன்

எல்லோருக்கும் வணக்கம். பெரிய விஷயங்களுக்கு நடுவே ஒரு நடைமுறைக் கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பாரிஸ் பக்கத்தில் லா கூர்னவில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி ஓய்வு பெறும்போது எனக்கு 1985 ஷெவால் பிளான் ஒரு பாட்டில் கொடுத்தார். அவர் வீட்டு நிலவறையில் முதலிலிருந்தே இருந்தது. விற்கும் எண்ணம் இல்லை, குடும்பத்தோடு குடிக்க வேண்டும். எப்படித் திறப்பது? அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக வைப்பார். அதோடு பரிமாறலாமா?

---

பந்திமேசை

தம்பி, அருமையான பாட்டில் உங்களிடம் இருக்கிறது. 1985 நல்ல ஆண்டு, மென்மையும் நளினமும் உள்ள ஷெவால் பிளான். ஒரே நிலவறையில் இருந்தது என்பது அதைவிட நல்ல செய்தி.

முதலில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி ஒயின் மட்டத்தைப் பாருங்கள். போர்தோ பாட்டிலுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. கழுத்திலோ கழுத்தின் அடியிலோ இருந்தால் மகிழ்ச்சி. தோளின் மேல்பகுதி வரை இறங்கியிருந்தாலும் இந்த வயதுக்கு ஏற்கலாம். தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் தக்கை வழியே காற்று போயிருக்கும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். இத்தனை ஆண்டுகளில் துவர்ப்புப் பொருளும் நிறமும் சேர்ந்து பெரிய மூலக்கூறாகிப் பக்கவாட்டில் படிந்திருக்கும். அது அடிக்கு இறங்க அவகாசம் வேண்டும். சாதாரணத் திருகாணியால் இழுத்தால் பழைய தக்கை நடுவில் ஒடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகிச் சுழற்றி எடுக்கும் கருவி கடைகளில் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கு இருக்கட்டும். ஒரே சீராக, நிறுத்தாமல் வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். கசடு கழுத்துக்கு வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். ஊற்றியதும் ஒரு வாய் ருசித்துப் பார்த்து, மணம் மூடியிருப்பதாகத் தோன்றினால் அரை மணி நேரம் பொறுக்கலாம். கோப்பையிலேயே அது திறந்துகொள்ளும், அந்த மாற்றத்தைப் பார்ப்பதே ஒரு சுகம். 16, 17 டிகிரி வெப்பம் போதும்.

குழம்பு விஷயத்தில் அம்மா என்னை மன்னிக்க வேண்டும். மிளகாய்க் காரமும் புளியும் இந்த வயது ஒயினை மூடிவிடும். உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டு ஆட்டுத்தொடையை ஓவனில் வாட்டச் சொல்லுங்கள். அந்த ஒயினை முடித்த பிறகு குழம்புக்கு வாருங்கள்.

---

புதியவன்

மிக்க நன்றி அக்கா. இப்போதுதான் பார்த்தேன், கழுத்தின் அடியில் இருக்கிறது. தம்பி கனடாவிலிருந்து வரும்போது திறக்கிறோம்.

---

நொதி

புதியவனுக்கு வாழ்த்துகள். நான் மறுபடி 1947-க்குப் போகிறேன்.

லிபூர்ன்வாசி அண்ணா சொன்ன "தாங்கும் பழம்" என்ற வாதத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் வேதியியல்படி அர்த்தம் இருக்கிறது. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிச்சச் சர்க்கரையும் சேர்ந்த அடர்த்தியான ஒயினில் ஆவியாகும் அமிலம் தனியாக உறுத்தாது. சிறிய அளவில் மற்ற மணங்களை மேலே தூக்கிக் கொடுக்கவும் செய்யும். 3 கிராம் சர்க்கரை நாக்குக்கு இனிப்பாகத் தெரியாது, ஆனால் உருண்டையான ஒரு உணர்வைக் கொடுக்கும். மெலிந்த ஒயினில் இதே அளவு அமிலம் நெயில் பாலிஷ் வாசனையாகத்தான் வந்திருக்கும்.

ஆனாலும் ஒன்றை விட மாட்டேன். அந்தத் தோட்டத்தை ஒரு கோளாறான ஒயினின் பெயரால் அடையாளப்படுத்துவது, அங்கே பிறகு வேலை செய்தவர்களுக்கு நியாயமில்லை. 1991-லிருந்து பியேர் லுர்தோன் நிர்வாகத்தில் நடந்ததைப் பாருங்கள். போர்சாம்பார்க் கட்டிய அந்தக் கிடங்கில் 52 கான்கிரீட் தொட்டிகள், வெவ்வேறு அளவுகளில். ஒவ்வொரு நிலத் துண்டின் பழமும் பழுத்த நாளில் பறிக்கப்பட்டு, தனித் தொட்டியில், விரும்பிய வெப்பநிலையில் நொதிக்கிறது. திருப்தி தராதவை முதன்மை ஒயினுக்குப் போவதில்லை. 1988 முதல் அதற்கு லெ பெத்தி ஷெவால் என்ற இரண்டாம் ஒயின் இருக்கிறது. 1991-ல் உறைபனிக்குப் பிறகு முதன்மை ஒயினையே வெளியிடவில்லை. 2022-ம் வெயிலும் வறட்சியும் கொண்ட ஆண்டுதான். ஆனால் நொதிப்பு நின்று போகவில்லை, வினிகர் வாசனை வரவில்லை. அப்படியிருந்தும் பாராட்டு குவிந்தது. எனக்கு 1947-ஐ விட இது பெரிய சாதனை.

---

பழைய தக்கை

இந்த இடத்தில் எனக்கும் நொதிக்கும் வேறுபாடு. 2022-ஐப் பாராட்டுபவர்கள் அதைக் குழந்தையாகப் பார்த்திருக்கிறார்கள். 1947-ஐ அரை நூற்றாண்டு கழித்தும் குடித்துவிட்டுப் பேசினார்கள். ஒரு ஒயினுக்கு வயதாகும் விதத்தை எந்தத் தொட்டியும் முன்கூட்டிச் சொல்லாது. 1947 இளமையில் அதைச் செய்தவர்களுக்கே கவலை கொடுத்திருக்கும். இன்றைய முறையில் அப்படி ஒரு தொட்டியை யாரும் முதன்மை ஒயினில் சேர்க்கவே மாட்டார்கள். தரக் கட்டுப்பாடு எத்தனையோ மோசமான ஒயின்களிலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அதே கட்டுப்பாடு 1947 போன்ற ஒன்றையும் பிறக்க விடாது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

---

லிபூர்ன்வாசி

பழைய தக்கை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நொதிக்கு ஒரே ஒரு பதில்.

2022 சாதனைதான். ஆனால் அதைச் சாத்தியமாக்கியதில் கொடிகளுக்கும் பங்கு உண்டு. 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனி வலது கரையில் பெருவாரியான கொடிகளைக் கருக்கியது. மறுபடி நட்டபோது பலர் சீக்கிரம் காய்க்கும் மெர்லோவுக்குப் போய்விட்டார்கள். ஷெவால் பிளான் கபர்னே ஃப்ரானைக் கைவிடவில்லை. இன்றும் தோட்டத்தில் பாதிக்கு மேல் அதுதான். தங்கள் சொந்தப் பழைய கொடிகளில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றின் குச்சிகளிலிருந்து புதியவற்றை வளர்க்கிறார்கள். நாற்றங்காலில் ஒரே ரகத்தை வாங்கி நடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் போர்தோ முழுவதும் இப்போது கபர்னே ஃப்ரானைத் திரும்பிப் பார்க்கிறது, மெர்லோவில் ஆல்கஹால் தாறுமாறாக ஏறுவதால். இங்கே அது நூற்றெழுபது ஆண்டாக நிற்கிறது.

சமீப ஆண்டுகளில் கொடி வரிசைகளுக்கு நடுவே மரங்களும் நட்டிருக்கிறார்கள். வரிசைகளுக்கு இடையே மண்ணை உழாமல் பயிர் மூடாக்கு விடுகிறார்கள். முன்பு துடைத்து வைத்த மாதிரி இருந்த நிலம் இப்போது புல்லும் பூவுமாக இருக்கிறது. பக்கத்துச் சாலையில் போகிற எவருக்கும் தெரியும். கோடையின் வெப்பத்தை இப்போதே எதிர்கொள்ளத் தயாராகிறார்கள். 1947-ன் வெயிலைத் தற்செயலாகத் தாங்கிய நிலத்தை இனி வேண்டுமென்றே தாங்க வைக்கப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

நொதி

கபர்னே ஃப்ரான் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. வலது கரையில் 1956-க்குப் பிறகு யார் யார் எதை நட்டார்கள், அதனால் 1960-களின் ஒயின்கள் எப்படி மாறின என்று ஒரு தனி இழை போடுங்கள் அண்ணா. ஃபிஜாக்கையும் சேர்த்துப் பேசலாம், அவர்கள் கபர்னே சொவினியோனைத் துணிந்து நட்ட கதை இன்னும் சுவையானது.

---

லிபூர்ன்வாசி

போடுகிறேன். திராட்சைப் பறிப்பு முடியட்டும், இப்போது இங்கே ஒருவருக்கும் நேரமில்லை. புதியவன், உங்கள் 1985 திறந்ததும் இங்கே வந்து எழுதுங்கள். மணத்தில் முதலில் என்ன வந்தது என்று மட்டுமாவது.